மலை ஓடையில் ட்ரவுட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் டென்னசி, நார்த் கரோலினா மாநிலங்களின் எல்லை மலைத்தொடரில் இருக்கிறது கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா. அங்குள்ள சிற்றோடைகளில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க ஃபிளை ஃபிஷிங் செய்வது பற்றி அட்லாண்டா, ஷார்லட், நாக்ஸ்வில் பக்கத்து வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். இந்த முறை முழுப் பகுதியும் அதற்குத்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முள்ளில் புழுவோ இறாலோ கோப்பதில்லை. இறகு, ரோமம், நூல் இவற்றைச் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்த தூண்டிலுக்குத்தான் ஃபிளை என்று பெயர். அதற்கு எடையே கிடையாது. ஆகவே லைனின், அதாவது தூண்டில் கயிற்றின், எடையைக் கொண்டு அதை வீசுகிறோம்.

மேப்பைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் நீலக் கோடுகள். எதில் ட்ரவுட் இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், அட்லாண்டா

பூங்காவுக்குள் மட்டும் சுமார் 2,900 மைல் நீளத்துக்கு ஓடைகள் ஓடுகின்றன. அத்தனையிலும் மீன் கிடையாது. முக்கால்வாசி வேலையை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.

நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் 1:24,000 அளவிலான டோப்போ மேப்பை எடுங்கள். அறுபடாமல் போகும் நீலக் கோடு வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஓடை. விட்டுவிட்டுப் போகும் கோடு கோடையில் வற்றிவிடும், அதைத் தள்ளுங்கள். அடுத்து, ஓடையைக் குறுக்கே வெட்டும் சம உயரக் கோடுகளை எண்ணுங்கள். இந்த மேப்புகளில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 40 அடி உயர வித்தியாசம். அரை மைலில் நான்கு இடைவெளி ஏறினால் 160 அடி, அதாவது மைலுக்கு 320 அடி, ஏறக்குறைய 6 சதவீதச் சரிவு. எங்கள் கணக்கில் புதியவருக்கு இதுதான் நல்ல சரிவு. தண்ணீர் படிப்படியாக விழுந்து, படிக்கு ஒரு மடுவாகத் தேங்கும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் மீன் பிடிக்கும் நேரத்தைவிடப் பாறை ஏறும் நேரம் கூடிவிடும். 2 சதவீதத்துக்குக் கீழே தண்ணீர் பரந்து ஆழம் குறையும், மீன் ஒளிய இடமிருக்காது, வெயிலில் சீக்கிரம் சூடாகவும் செய்யும்.

பிறகு உயரத்தைப் பாருங்கள். இந்த மலையின் சொந்த மீனான ப்ரூக் ட்ரவுட் பெரும்பாலும் 3,000 அடிக்கு மேலே உள்ள ஓடைகளில்தான் இருக்கிறது. கீழே ரெயின்போ, அதற்கும் கீழே பெரிய ஓடைகளில் பிரவுன் ட்ரவுட். மேப்பில் ஓர் அருவி குறித்திருந்தால் அதன் மேல்பக்கத்தைக் கவனியுங்கள். ரெயின்போவால் ஏற முடியாத அருவிக்கு மேலே ப்ரூக் ட்ரவுட் தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, நடைபாதை ஓடையை விட்டு விலகும் இடத்தைத் தேடுங்கள். பாதை ஒட்டியே போகும் வரை எல்லாரும் நின்று வீசியிருப்பார்கள். விலகிய பிறகு இருபது நிமிடம் நடந்தால், வாரக்கணக்கில் மனிதர் நிழலே படாத மடுக்கள் கிடைக்கும்.

முதல் பயணத்துக்கு எல்க்மான்ட்டுக்கு மேலே லிட்டில் ரிவர், ட்ரெமான்ட் பக்கம் லின் கேம்ப் ப்ராங், பிரைசன் சிட்டி அருகே டீப் க்ரீக் போதும். இவை ஏற்கெனவே பிரபலமானவை. இவற்றில் வந்து சேரும் கிளை ஓடைகளின் பெயரை நாங்கள் அச்சில் தர மாட்டோம். மூன்றடி அகல ஓடையில் வாரம் பத்துப் பேர் இறங்கினால் அது தாங்காது. மேலே சொன்ன வழியில் தேடினால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

'வைல்ட்' என்கிறார்கள், 'நேட்டிவ்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லையா? – வாசகர், நாக்ஸ்வில்

ஒன்றில்லை. ஓடையிலேயே முட்டையிட்டுப் பொரித்து வளர்ந்த எந்த ட்ரவுட்டும் வைல்ட். அந்த மண்ணுக்கே உரியது நேட்டிவ். ஸ்மோக்கியில் நேட்டிவ் ட்ரவுட் என்றால் ப்ரூக் ட்ரவுட் ஒன்றுதான். ரெயின்போ இந்தக் கண்டத்தின் பசிபிக் பக்கத்திலிருந்தும், பிரவுன் ஐரோப்பாவிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவை. 1934-ல் பூங்கா உருவாகும் முன் மரக் கம்பெனிகள் சரிவுகளை மொட்டையடித்தன. நிழல் போய், மண் சரிந்து, ஓடைகள் கெட்டன. ப்ரூக் ட்ரவுட் அழிந்த இடங்களில் ரெயின்போவை விட்டார்கள். காடு மறுபடி வளர்ந்த பிறகும், மிச்சமிருந்த ப்ரூக் ட்ரவுட்டை ரெயின்போ மேலே மேலே தள்ளிவிட்டது. பூங்காவுக்குள் மீன் விடுவதை 1970களிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்று அங்கே நீங்கள் பிடிப்பது அநேகமாக வைல்ட். நேட்டிவா என்பதைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பார்ப்பது எளிது. முதுகைப் பாருங்கள். ஈர மணலில் புழு ஊர்ந்த தடம் போல, கரும்பச்சையில் வெளிர்மஞ்சள் வளைகோடுகள் பின்னிக் கிடக்கும். விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி நீல வளையம். அடித்துடுப்புகளின் முன்விளிம்பு சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை, அதை ஒட்டியே ஒரு கறுப்புக் கோடு. இந்த வெள்ளை விளிம்பு தண்ணீருக்குள் இருக்கும்போதே தெரியும். ரெயின்போவுக்கு உடம்பிலும் வாலிலும் கறுப்புப் புள்ளி இறைந்து, பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். ஏழு, எட்டு அங்குல ப்ரூக் ட்ரவுட் கிடைத்தால் அந்த ஓடைக்கு அது பெரிய மீன். சத்துக் குறைந்த தண்ணீர் அது. மூன்று, நான்கு வருடத்துக்கு மேல் அங்கே அது வாழ்வது அரிது.

மீன் கண்ணுக்குத் தெரிகிறது. கிட்டே போனால் அம்பு மாதிரி ஓடிவிடுகிறது. நன்றாக வீசப் பழகிவிட்டேன், ஆனாலும் ஒன்றும் மாட்டவில்லை. – வாசகர், ஷார்லட்

எங்களுக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். சிற்றோடையில் வீசுவது இரண்டாம்பட்சம். எங்கே நிற்கிறீர்கள், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்பதில்தான் முக்கால் பங்கு இருக்கிறது.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அடித்து வரும் தீனியை அப்படித்தான் பிடிக்க முடியும். ஆகவே நீங்கள் கீழிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். மேலிருந்து இறங்கினால் நேராக அதன் கண்ணெதிரே வருகிறீர்கள். கலக்கிய மண்ணும் உங்களுக்கு முன்னால் போய்ச் செய்தி சொல்லிவிடும்.

உயரம் அடுத்தது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளி தண்ணீரில் வளைவதால் அந்த ஜன்னலின் விரிவு ஏறக்குறைய 97 டிகிரி. தரையை ஒட்டி இருப்பவை அதன் ஓரத்தில் நசுங்கி, தெளிவில்லாமல் தெரியும். நிமிர்ந்து நிற்கும் ஆள் அந்த நசுங்கலிலிருந்து மேலெழுந்து தலை, தோள், கை என்று காட்சி கொடுக்கிறான். மண்டியிட்டால் அதே தூரத்தில் அநேகமாக மறைந்துவிடலாம். முழங்காலுக்குத் துணிப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள். கூழாங்கல்லில் அரை நாள் மண்டியிட்டால்தான் அதன் அருமை தெரியும். சட்டை இலைப்பச்சையோ மண் நிறமோ இருக்கட்டும். வெள்ளைத் தொப்பி, பளபளக்கும் கைக்கடிகாரம் வேண்டாம். நிழல் மடுவின் மேல் விழுந்தால் அந்த மடுவை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பேச்சுச் சத்தத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கல்லில் கல் உரசும் அதிர்வைப் பற்றிக் கவலைப்படுங்கள். மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுறுப்பான விலாக்கோடு அதை உணர்ந்துவிடும். ஆடும் கல்லில் கால் வைக்காதீர்கள். இரும்பு முனைக் கைத்தடிக்கு ரப்பர் மூடி போடுங்கள். கரையிலிருந்து வீச முடிகிற இடத்தில் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

இன்னொரு தவறு, மடுவின் தலைமாட்டை மட்டும் பார்ப்பது. நீர் விழும் தலைமாட்டில் பெரிய மீன் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கால்மாட்டில், தண்ணீர் கண்ணாடி போல மெலிந்து அடுத்த படிக்கு வழியும் இடத்தில், ஒரு சின்ன மீன் காவல் நிற்கும். அதைப் பார்க்காமல் மிதித்தால் அது தலைமாட்டுக்குப் பறந்து மற்றவற்றையும் கலைத்துவிடும். கீழ்ப்படியின் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, முதல் வீச்சைக் கால்மாட்டிலேயே போடுங்கள். இரண்டாவது நடுவில், நுரை போகும் தடத்தில். நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும். மூன்றாவது தலைமாட்டில், வெள்ளைநீரின் ஓரத்தில். மூன்று, நான்கு வீச்சில் வராத மீன் முப்பதாவது வீச்சிலும் வராது. நகருங்கள்.

என்ன கோல், என்ன லைன்? கடையில் ஒன்பதடிக் கோலைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். – வாசகர், அட்லாண்டா

ஒன்பதடி பெரிய ஆற்றுக்கு. கிளைகள் மூடிய ஓடைக்கு 7 முதல் 7½ அடிக் கோல், 3-வெயிட் (லைனின் எடையைக் குறிக்கும் எண்), மிதக்கும் லைன். விறைப்பான கோல் வாங்காதீர்கள். சிற்றோடையில் 10, 15 அடிக்குத்தான் வீசப்போகிறீர்கள். கோல் நுனிக்கு வெளியே நாலைந்து அடி லைன்தான் இருக்கும், மீதி லீடர், அதாவது லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு. அந்தச் சிறு எடைக்கு விறைத்த கோல் வளையவே வளையாது. வளையாத கோல் வீசாது. ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டீர்கள் என்றால், 3-வெயிட் கோலில் 4-வெயிட் லைன் போடுங்கள், சரியாகிவிடும்.

ரீல் லைனைச் சுற்றி வைக்கத்தான். அதில் காசைக் கொட்டாதீர்கள். லீடர் 7½ அடி, 5எக்ஸ். எக்ஸ் எண்ணை 11-லிருந்து கழித்தால் நரம்பின் தடிமன் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் வரும்: 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம். ஒவ்வொரு ஃபிளை மாற்றும்போதும் லீடர் நுனி குறைந்துகொண்டே வரும். அதனால் லீடர் நுனியில் சேர்க்கும் நரம்பான டிப்பெட் 5எக்ஸில் ஒரு சுருள் தனியாக வைத்து, இரண்டடி அளவு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வில் நரம்பு சூடாகிப் பலமிழக்கும். மாட்டிய மீன் முடிச்சிலேயே அறுத்துக்கொண்டு போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

தலைக்கு மேலே ரோடோடென்ட்ரான் புதர் கூரை போட்டிருக்கிறது. பின்னால் கோலைக் கொண்டுபோகவே இடமில்லை. – அதே வாசகர்

அங்கே வில் வீச்சுதான். ஆங்கிலத்தில் 'போ அண்ட் ஆரோ காஸ்ட்' என்பார்கள். கோல் நுனியிலிருந்து தொங்கும் லைனும் லீடரும் சேர்ந்து கோலின் நீளத்தைவிட ஓரடி குறைவாக இருக்கட்டும். கோல் பிடித்த கையின் ஆள்காட்டி விரலால் லைனைப் பிடியோடு சேர்த்து அழுத்துங்கள். மற்றக் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே ஃபிளையைப் பிடிக்க வேண்டும். எங்கே பிடிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்: முள்ளின் வளைவுக்குப் பின்னால், கூர்முனை விரலுக்கு வெளியே, உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கூர்முனை விரல்களுக்கு நடுவே மாட்டியிருந்தால், விடும்போது முழு விசையோடு சதையில் ஏறும். கோல் நுனியை மீன் நிற்கும் இடத்தைப் பார்த்து நீட்டி, ஃபிளையைக் காதுவரை இழுங்கள். கோல் வில்லாக வளையும். விடுங்கள். விட்ட பிறகு கோலை மேலே தூக்காதீர்கள். தூக்கினால் லைன் எகிறிக் கிளையில் சுற்றிக்கொள்ளும். 15 அடி வரைக்கும் இது போதும். வீட்டு முற்றத்தில் ஒரு வாளியை வைத்து, முள்ளை நறுக்கிய ஃபிளையால் ஐம்பது முறை பழகிவிட்டுப் போங்கள்.

மீன் மேலே வந்து, ஃபிளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. ஃபிளையை மாற்ற வேண்டுமா? – வாசகர், ராலே

ஃபிளையை மாற்றும் முன் அது போகும் விதத்தைப் பாருங்கள். பக்கத்தில் மிதந்து போகும் ஒரு நுரைக்குமிழைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். குமிழை முந்திக்கொண்டோ, அதைவிட மெதுவாகவோ, குறுக்காகவோ உங்கள் ஃபிளை போனால் இழுவை இருக்கிறது என்று அர்த்தம். பூச்சி அப்படிப் போகாது, மீனுக்கு அது தெரியும். உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேறு வேகத்தில் ஓடும் தண்ணீர் லைனைப் பிடித்து இழுப்பதுதான் காரணம். ஆகவே லைனைத் தண்ணீரில் படவே விடாதீர்கள். இன்னும் ஓரடி கிட்டப் போய், கோலை உயர்த்தி, லீடரின் கடைசி இரண்டடி மட்டும் நீரைத் தொடுமாறு பிடியுங்கள். ஃபிளை உங்களை நோக்கி மிதந்துவர, கோல் நுனியும் அதே வேகத்தில் பின்வர வேண்டும். மலை ஓடையில் இழுவையில்லாத மிதப்பு இரண்டே விநாடி கிடைத்தாலும் போதும். தீனி குறைந்த தண்ணீரில் வாழும் மீன் நெடுநேரம் யோசிக்காது.

எந்த மாதத்துக்கு எந்த ஃபிளை? – பல வாசகர்கள்

நிறைய வாங்காதீர்கள். பாராஷூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், மஞ்சள் ஸ்டிமுலேட்டர், அடியில் போகும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், பச்சைப் புழு போலிருக்கும் கிரீன் வீனி. இவை ஐந்தும் நம்பர் 14, 16 அளவுகளில் மும்மூன்று இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம். (எண் கூடக்கூட முள் சிறிதாகும்.) மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சாம்பல் நிற மேஃபிளைப் பூச்சிகள் வரும், ஆடம்ஸ் போதும். மே, ஜூனில் மஞ்சள் ஸ்டோன்ஃபிளைப் பூச்சிகள், அப்போது மஞ்சளாக எது போட்டாலும் எடுக்கும். ஜூலையிலிருந்து கரையோர எறும்பும் வண்டும் பச்சைப்புழுவும்தான் முக்கியத் தீனி.

இன்றைக்கு என்ன பறக்கிறது என்று அறியக் கல்லைப் புரட்டாதீர்கள். ஓடைக் கற்களுக்கு அடியில் பல்லி போலிருக்கும் சாலமாண்டர்கள் வாழ்கின்றன. கற்களை நகர்த்தி அணை, வாய்க்கால் கட்டுவதைப் பூங்கா தடை செய்திருப்பதும் இதனால்தான். பதிலாக, ஓடையின் மேல் கட்டியிருக்கும் சிலந்தி வலையைப் பாருங்கள். நேற்று இரவு பறந்ததெல்லாம் அதில் மாட்டியிருக்கும். நீருக்கு மேலே தலைநீட்டும் பாறையின் பக்கவாட்டில் காய்ந்த கூடுகள் ஒட்டியிருக்கும். ஸ்டோன்ஃபிளை முதுகு பிளந்து வெளியேறிப் போன சட்டை அது. அதன் நீளத்தை உங்கள் ஃபிளையோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும்.

மேலே எதுவும் வரவில்லையென்றால், மிதக்கும் ஃபிளையின் முள் வளைவிலேயே ஒன்றரை அடி 5எக்ஸ் கட்டி, அதன் நுனியில் ஒரு நிம்ஃபைக் கட்டுங்கள். மேலே உள்ளது தயங்கினாலோ அமிழ்ந்தாலோ உடனே தூக்குங்கள். பூங்காவில் இப்படி இரண்டு ஃபிளை வரை அனுமதி உண்டு. புதர் நெருக்கமான ஓடையில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், சிக்கெடுத்தே நாள் போய்விடும்.

கடிக்கிறது, ஆனால் மாட்டுவதில்லை. – வாசகி, நாக்ஸ்வில்

தாமதம்தான் காரணம். மலை ஓடை மீன் வாயில் எடுத்ததைப் பொய் என்று தெரிந்ததும் ஒரு விநாடிக்குள் துப்பிவிடும். லைனில் தொய்வு இருந்தால் நீங்கள் தூக்குவது அதுவரை போய்ச் சேராது. ஃபிளை மிதந்து வர வர, இடக்கையால் தொய்வை உள்ளே இழுத்துக்கொண்டே இருங்கள். மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு. தோளிலிருந்து இழுத்தால் நாலங்குல மீன் தலைக்கு மேலே பறந்து மரத்தில் தொங்கும்.

ஜூலை, ஆகஸ்டில் போகலாமா? – வாசகர், அட்லாண்டா

போகலாம், தெர்மாமீட்டரோடு. நூல் கட்டிய சின்ன ஓடைத் தெர்மாமீட்டர் சட்டைப் பையில் எப்போதும் இருக்க வேண்டும். ஓடும் நீரில், நிழலில், ஒரு நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். 50 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட் ப்ரூக் ட்ரவுட்டுக்கு உகந்தது. 65-ஐத் தாண்டினால் ப்ரூக் ட்ரவுட்டை விட்டுவிடுங்கள். 68-ஐத் தொட்டால், அதாவது 20 டிகிரி செல்சியஸ், எந்த ட்ரவுட்டையும் தொந்தரவு செய்யாமல் கோலை மடியுங்கள். கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9 சொச்சம்தான். போராடிக் களைத்த மீனுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரில் அது குறைவாக இருக்கிறது. நீந்திப் போவது போலப் போகும், ஒரு மணி நேரம் கழித்துச் செத்து மிதக்கும். அதை நீங்கள் பார்க்கக்கூட மாட்டீர்கள். கோடையில் விடிகாலையில் தொடங்கி, மேலே ஏற ஏற அளந்து பாருங்கள். ஆயிரம் அடி ஏறினால் தண்ணீர் வேறு தண்ணீராக இருக்கும்.

திருப்பி விடப்போகும் மீனுக்கு முள்ளின் கூர்முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். தொடும் முன் கையை நனையுங்கள். காய்ந்த கை அதன் உடம்பின் வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வயிற்றை நெரிக்காதீர்கள், செவுளில் விரல் விடாதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்டத் தூக்கி ஐந்து விநாடியில் திரும்ப நீரில் விடுங்கள். ஆழமாக விழுங்கியிருந்தால் நரம்பை வாயோரம் நறுக்கிவிடுவதே மீனுக்கு நல்லது.

என் கணவர் தனியாக இந்த ஓடைகளுக்குப் போகிறார். போன் எடுக்காது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. – வாசகி, ஷார்லட்

உங்கள் கவலை நியாயமானது. இந்த மலையில் பாம்பும் கரடியும் இருந்தாலும், வழுக்கும் பாறையும் திடீர் வெள்ளமும்தான் அதிக ஆபத்து. கிளம்பும் முன் அவர் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதித் தரட்டும்: கார் நிறுத்தும் இடம், ஓடையின் பெயர், திரும்பி வரும் நேரம், எத்தனை மணிக்கு மேல் நீங்கள் 911-ஐ அழைக்க வேண்டும். கடைசி நேரம் எழுத்தில் இருந்தால் அழைக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் தவிக்க வேண்டியதில்லை. சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அவருக்கு: ஓடைக்குள் இறங்கியதும் ஒரு பாறையில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும்போதே மலை உச்சியில் இடி மழை கொட்டலாம். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் திடீரென்று நிறைய மிதந்து வந்தாலோ, குறித்த கல் நனைந்தாலோ யோசிக்காமல் கரையேறுங்கள். ரோடோடென்ட்ரான் புதருக்குள் நூறு கெஜம் நுழைந்து வெளியேற ஒரு மணி நேரம்கூட ஆகும். அதனால் ஓடைக்குள் மேலேறும்போதே, பாதைக்குத் திரும்பும் வழிகளை மனதில் வைத்துக்கொண்டே போக வேண்டும். தொடைக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்கக் கூடாது. பாறையிடுக்கில் கண்ணால் பார்க்காமல் கையை ஊன்றக் கூடாது. ராட்டில்ஸ்னேக், காப்பர்ஹெட் என்று இரண்டு விஷப்பாம்புகள் இங்கு உண்டு. கோடை முடிவில் மண்ணுக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவிகளும் கரையோரம் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர் மருந்தில்லாமல் போகக் கூடாது. கரடியைக் கண்டால் 50 கெஜம் தள்ளி நிற்பது பூங்காவின் விதி.

லைசன்ஸ் எது வாங்க வேண்டும்? பிடித்ததைச் சமைக்கலாமா? – வாசகர், ராலே

டென்னசி, நார்த் கரோலினா இரண்டில் ஏதாவது ஒரு மாநில லைசன்ஸ் போதும், பூங்கா முழுவதும் செல்லும். பூங்காவுக்குள் ட்ரவுட்டுக்கென்று தனிச் சீட்டு வேண்டாம். எல்லையைத் தாண்டி மாநில ஓடைக்கோ, செரோக்கி பழங்குடியினரின் நிலத்துக்கோ போனால் விதி மாறும். பழங்குடியினரின் அனுமதிச்சீட்டு தனி. ஒற்றை முள் உள்ள செயற்கைத் தூண்டில் மட்டும்தான், புழு வைத்திருப்பதே குற்றம். காலையில் சூரியன் எழ அரை மணி முன்பிருந்து மாலையில் விழுந்து அரை மணி வரை. 15 நிமிடத்துக்கு மேல் கார் நிறுத்தினால் பார்க்கிங் வில்லை வேண்டும். இது 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை, போகும் முன் பூங்காவின் தற்போதைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஏழு அங்குலத்துக்குக் குறையாத மீன் நாளொன்றுக்கு ஐந்து வரை எடுக்க அனுமதி இருக்கிறது. எடுப்பதானால் ரெயின்போவை எடுங்கள் என்பது எங்கள் கருத்து. ப்ரூக் ட்ரவுட்டும் சட்டப்படி எடுக்கலாம்தான், ஆனால் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். செதில் மிகப் பொடி, சுரண்ட வேண்டாம். குடலையும் முதுகெலும்பை ஒட்டிய ரத்தக்கட்டையும் விரல் நகத்தால் வழித்தெடுத்து, உப்பும் மிளகும் மட்டும் தடவி இரும்புத் தோசைக்கல்லில் போடுங்கள். மீன் மசாலா பூசினால் மசாலா மட்டும்தான் நாக்குக்குத் தெரியும், அவ்வளவு மென்மையான சதை.

ஊட்டிப் பக்கத்து ஓடைகளில் இதே மீன் உண்டாமே? இங்கேயே செய்ய முடியாதா? – வாசகர், குன்னூர்

இருக்கிறது. ஆனால் ஸ்மோக்கியின் ரெயின்போவைப் போலவே நீலகிரிக்கும் அது வந்தேறிதான். 1860களில் ஃபிரான்சிஸ் டே முயன்றபோது கைகூடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் எடுத்த முயற்சியில்தான் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் வந்தது. இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளின் ட்ரவுட்டும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதே.

ஆனால் நீலகிரியின் நல்ல ஓடைகள் பலவும் இன்று காப்புக்காட்டுக்குள்ளோ முக்குறுத்தி தேசியப் பூங்காவுக்குள்ளோ இருக்கின்றன. அங்கே அனுமதியின்றி நுழைவதும் உயிரினங்களைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். யாரோ அழைத்துப் போகிறார் என்று கோலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மீன்வளத்துறை, வனத்துறை இரண்டிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு மட்டும் போங்கள்.

என் பத்து வயது மகளும் வர அடம்பிடிக்கிறாள். அவளுக்கு என்ன வாங்கட்டும்? – வாசகர், நாக்ஸ்வில்

டென்காரா கோல் வாங்குங்கள். ஜப்பானின் மலை ஓடைகளில் தோன்றியது. ரீல் கிடையாது. 10, 11 அடிக்கு நீட்டி மடக்கும் கோல், நுனியில் அதே நீளத்துக்கு லைன், அதற்குக் கீழே மூன்றடி 5எக்ஸ், ஒரு ஃபிளை. தொய்வை இழுப்பது, ரீல் சுற்றுவது எதுவும் இல்லாததால் அரை மணியில் பழகிவிடுவாள். மரக்கூரை நெருங்கிய இடத்தை விட்டு, வானம் தெரியும் திறந்த மடுவாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். எதிர்முள் நசுக்கிய ஃபிளையும், கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். டென்னசியில் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லைசன்ஸ் வேண்டாம், மற்ற விதிகள் எல்லாம் அவளுக்கும் பொருந்தும்.

அவளை முன்னால் விட்டு, நீங்கள் பத்தடி பின்னால் மண்டியிட்டு வாருங்கள். அவள் உயரத்துக்குக் குனியாமலே மடுவை நெருங்க முடியும்.